உறை சாய்ந்தால், ஏறினால், நழுவினால்: சுடுதளத்துக்கு அணியும் பெல்ட்டில் பிழை கண்டு நீக்கும் வழிமுறை

கைத்துப்பாக்கி உறை இடுப்பில் ஒழுங்காக நிற்கவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் உறையைத்தான் மாற்றுகிறார்கள். இரண்டாவது உறையும் நிற்காதபோது மூன்றாவதை வாங்குகிறார்கள். படையிலிருந்து ஓய்வு பெற்று உச்சிப்புளிப் பக்கம் குடியேறிய பின், பாதுகாப்புப் பணியாளர்களுக்கும் உரிமம் பெற்ற சிலருக்கும் உறை பொருத்திக் கொடுக்கும் வேலையை விருப்பத்தோடு செய்துவருகிறேன். என்னிடம் வந்த குறைகளில் பெரும்பகுதி உறையில் இருக்கவில்லை, அதைத் தாங்கும் பெல்ட்டில்தான் இருந்தது. உறை என்பது பெல்ட்டில் தொங்கும் ஒரு பொருள். தாங்கும் பட்டை வளைந்தால் தொங்குவதும் வளையும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பெல்ட்டில் எங்கே காரணத்தைத் தேட வேண்டும், எதைச் சரிசெய்யலாம், எப்போது புதிதாக வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இது சுடுதளத்தில் அணிவதைப் பற்றியது மட்டுமே. வெளியில் ஆயுதத்தை எப்படிக் கொண்டுசெல்லலாம் என்பதை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும், உங்கள் உரிமத்தில் உள்ள நிபந்தனைகளும் முடிவு செய்யும்.

சோதனையைத் தொடங்குமுன்

கீழே சொல்லப்படும் எந்தச் சோதனையையும் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு செய்யக் கூடாது. பிஸ்டல் என்றால் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய கூட்டை) கழற்றி, ஸ்லைடை (மேலே நகரும் பாகத்தை) பின்னிழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டு உறுதிசெய்ய வேண்டும். ரிவால்வர் என்றால் சுழல் உருளையைத் திறந்து எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும். தோட்டாக்கள் வேறோர் அறையில் பூட்டியிருக்க வேண்டும். சுடுதளத்திலேயே குறை தெரிந்தால், நின்ற இடத்தில் பெல்ட்டை அவிழ்க்காமல் ரேஞ்ச் ஆபீசரிடம் (தளத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பாளரிடம்) சொல்லி, அவர் காட்டும் இடத்தில் துப்பாக்கியைக் காலிசெய்த பிறகே கைவையுங்கள். உறையிலிருந்து உருவிச் சுடுவதை எல்லாத் தளங்களும் அனுமதிப்பதில்லை. ஒலிம்பிக் வகைப் பிஸ்டல் போட்டிகளில் உறைக்கே வேலையில்லை, ஐ.பி.எஸ்.சி. வகைப் போட்டிகளில்தான் (உறையிலிருந்து உருவி, இடம் மாறிச் சுடும் போட்டிகள்) அது உண்டு. ஆகவே பெல்ட்டுக்குப் பணம் செலவழிக்குமுன் உங்கள் தளத்தின் விதியைக் கேட்டுவிடுவது நல்லது.

முதல் கட்டச் சோதனைக்குத் துப்பாக்கியே தேவையில்லை. தோட்டாக்கள் நிரப்பிய கிளாக் 17 சுமார் 915 கிராம் இருக்கும். நம் நாட்டில் .32 அளவில் உரிமத்தோடு விற்கப்படும் நிர்பீக் ரிவால்வர் சுமார் 500 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் புட்டி முதல் வகைக்கும், அரை லிட்டர் புட்டி இரண்டாவது வகைக்கும் ஏறத்தாழ ஈடாகும். புட்டியை ஒரு துணிப்பையில் இட்டு, உறை நிற்கும் இடத்தில் பெல்ட்டில் இறுகக் கட்டிக்கொண்டு, அரை மணி நேரம் வீட்டு வேலையைப் பாருங்கள். குனியுங்கள், மாடிப்படி ஏறுங்கள், உட்கார்ந்து எழுங்கள். பல குறைகள் அப்போதே வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: பிடி உடம்பை விட்டு விலகி, உறை வெளிப்பக்கம் சாய்கிறது

இதுதான் அதிகம் வரும் குறை, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் குறையும் இதுவே. பேன்ட்டுக்கு வெளியே அணியும் உறையில் துப்பாக்கியின் எடை பெல்ட்டின் மேல் நேராக இறங்குவதில்லை. பெல்ட்டிலிருந்து சில சென்டிமீட்டர் வெளியே தள்ளி இறங்குகிறது. அந்த எடை பெல்ட்டின் மேல்விளிம்பை வெளியே இழுத்து, கீழ்விளிம்பை இடுப்புக்குள் அழுத்துகிறது. பட்டை அந்த முறுக்கைத் தாங்கவில்லை என்றால் மேல்விளிம்பு கவிழ்ந்து, பிடி சட்டைக்கு வெளியே முழங்கையில் இடிக்கும் அளவுக்குச் சாயும். இதை இறுக்கிச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள் ஒரு துளை கூடுதலாக இறுக்குகிறார்கள். வயிறு வலிக்கிறதே தவிர, சாய்வு மாறுவதில்லை.

சாயல்குடிப் பக்கம் பனையேறுபவர்கள் பாளை அரிவாளை வைக்கும் பெட்டியை இடுப்பில் கட்டியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தில் இருப்பவருக்கு அந்தப் பெட்டி ஆடுவது ஆபத்து என்பதால், அதைத் தாங்கும் கட்டும் பெட்டியும் ஒரே உடலாக நிற்கும்படி அவர்கள் கட்டிக்கொள்கிறார்கள். சுடுதளத்தில் நமக்கு வேண்டியதும் அதே நிலைதான்.

சோதிக்கும் முறை எளிது. பெல்ட்டைக் கழற்றி, ஒரு சாண் இடைவெளியில் இரு கைகளாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குங்கள். எதிர்ப்பே இல்லாமல் முறுகினால் அது சட்டையை உள்ளே விட்டு அணிவதற்கான அலங்காரப் பெல்ட். அடுத்து, மேல்விளிம்பைக் கீழ்விளிம்போடு சேர்க்க முயலுங்கள். வாழைமட்டை மடங்குவதுபோல நீளவாக்கில் மடங்கினால் அதுவும் உறைக்கு ஆகாது. நல்ல பெல்ட் இடுப்பைச் சுற்றி வளைய வேண்டும், முறுக்குக்கும் நீளவாக்கு மடிப்புக்கும் இணங்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பெல்ட் தேர்வில் பாதி முடிந்தது.

தோலில் வாங்குவதாக இருந்தால் இரண்டு தோல்களை ஒட்டி, சுற்றிலும் தைத்த, 4 முதல் 5 மில்லிமீட்டர் கனமுள்ள, 38 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டையை வாங்குங்கள். கனமான துப்பாக்கிக்கும் கூடுதல் மேகசின்களுக்கும் 44 மில்லிமீட்டர் அகலம் வசதி. சீருடையின் மேல் அணியும் காவல் பணிப் பெல்ட் 57 மில்லிமீட்டர்வரை போகும், ஆனால் அது சாதாரணப் பேன்ட்டின் லூப்புகளில் நுழையாது. தோலின் வகையும் முக்கியம். நம் மாநிலத்தில் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடும் மரபு பழையது. அப்படித் தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் விறைப்பாக நின்று, நாளடைவில் இடுப்பின் வடிவத்துக்குப் படியும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையாகவும் இழுபடுவதாகவும் இருக்கும். காலணிக்கும் பைக்கும் அது நல்லது, உறை தாங்கும் பெல்ட்டுக்கு முதல் தேர்வு அல்ல. சாயம் பூசாத வெட்டு விளிம்பைப் பாருங்கள்: தாவரத் தோல் உள்வரை பழுப்பாக இருக்கும், குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் சாம்பல் கலந்த நீலம் தெரியும். தோல் தூளை ஒட்டித் தயாரித்த பட்டையும் ரெக்சினும் விளிம்பில் அடுக்கடுக்காகப் பிரியும். அவற்றை எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் தொடாதீர்கள்.

நைலான் பட்டையில் வாங்குவதாக இருந்தால் இரண்டு அடுக்காகத் தைத்து, நடுவில் பிளாஸ்டிக் தகடோ மெல்லிய எஃகுத் தகடோ வைத்த பெல்ட்டைக் கேளுங்கள். ஒற்றை அடுக்கு நைலான், பை கட்டுவதற்கான நாடா. விறைப்பு கூடிவிட்டாலும் தொல்லைதான்: எஃகுத் தகடு வைத்த சில பெல்ட்கள் உட்காரும்போது இடுப்பெலும்பின் மேல் ஏறி நிற்கும். கடையில் நின்று மட்டும் பார்க்காமல் ஒரு முறை உட்கார்ந்தும் பாருங்கள்.

அறிகுறி: துப்பாக்கியை உருவும்போது உறையும் பெல்ட்டும் சேர்ந்து மேலே வருகின்றன

இங்கே முதலில் பார்க்க வேண்டியது பேன்ட். ஜீன்ஸில் பெரும்பாலும் ஐந்து லூப்புகளே இருக்கின்றன. பின்னால் ஒன்று, பக்கங்களிலும் முன்னாலுமாக மற்றவை. உறை நிற்கும் இடத்துக்கு அருகில் லூப்பு இல்லையென்றால் பெல்ட்டின் அந்தப் பகுதியைக் கீழே பிடித்துவைக்க ஒன்றுமே இல்லை. தெருமுனைத் தையல்காரரிடம் சொல்லி, உறைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு லூப்பைக் கூடுதலாகத் தைத்துக்கொண்டால் பாதிக் குறை தீரும். செலவு மிகக் குறைவு. புதிய பெல்ட் வாங்குமுன் இதைச் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன், கேட்பவர்கள் சிலரே.

அடுத்தது உறையின் பிடிப்பு. காலித் துப்பாக்கி உள்ள உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் துப்பாக்கி விழாத அளவுக்கு உறை பிடிக்க வேண்டும், ஆனால் இரண்டு கைகளால் இழுத்து எடுக்கும் அளவுக்கு அல்ல. இறுக்கத் திருகு உள்ள உறையில் காலித் துப்பாக்கியை வைத்து, கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்திப் பாருங்கள். இதற்கும் மசியாமல் பெல்ட் மேலே ஏறினால் இரட்டைப் பெல்ட் முறை உதவும்: உள்பெல்ட் லூப்புகளுக்குள் போகும், வெளிப்பெல்ட் அதன்மேல் வெல்க்ரோவால் ஒட்டும், உறை வெளிப்பெல்ட்டில் நிற்கும். போட்டியில் சுடுபவர்கள் இதைத்தான் அணிகிறார்கள். பணிப்பெல்ட் அணியும் காவலர்கள் இரண்டு பெல்ட்களையும் சேர்த்துக் கட்டும் சிறிய வார்களை நான்கைந்து இடத்தில் மாட்டிக்கொள்வதும் இதே நோக்கத்துக்குத்தான்.

அறிகுறி: உறை முன்னும் பின்னும் நழுவுகிறது

உறையின் வார்வழியை, அதாவது பெல்ட் நுழையும் துவாரத்தை, அளந்து பாருங்கள். அது 44 மில்லிமீட்டருக்கு வெட்டப்பட்டிருந்து உங்கள் பெல்ட் 38 மில்லிமீட்டராக இருந்தால், மீதி 6 மில்லிமீட்டரும் ஆட்டமாகவே மாறும். சில உறைகளோடு வரும் சிறிய பிளாஸ்டிக் அடைப்புகளை வார்வழியில் வைத்தால் அந்த இடைவெளி அடையும். வாங்கிய பெட்டியைத் தூக்கி எறியுமுன் அதைத் தேடுங்கள். உறைக்கு இரண்டு வார்வழிகள் இருந்தால் பேன்ட்டின் லூப்பு ஒன்று அவற்றின் நடுவில் வரும்படி அணிந்தால் நழுவல் நின்றுவிடும்.

அறிகுறி: ஒரு துளையில் மூச்சு முட்டுகிறது, அடுத்த துளையில் தொளதொளக்கிறது

வழக்கமான பெல்ட்டில் துளைகள் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். உடம்பு அந்த இடைவெளிக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. அதுவும் காலையில் ஓரிடத்தில், சாப்பாட்டுக்குப் பின் வேறோரிடத்தில். இடையில் இன்னொரு துளை போடலாம் என்று சிலர் செருப்புத் தைப்பவரிடம் போகிறார்கள். இரண்டு துளைகள் நெருங்கினால் நடுவிலுள்ள தோல் கிழியும் வாய்ப்பு அதிகம். எடை தாங்கும் பெல்ட்டில் அதைச் செய்ய வேண்டாம். பல் வைத்துச் சிறு படிகளில் நகரும் ராட்செட் பக்கிளோ, துளையே இல்லாமல் இழுத்துப் பூட்டும் பக்கிளோ இந்தக் குறைக்குச் சரியான தீர்வு.

அளவெடுப்பதிலும் பிழை நேர்கிறது. பேன்ட்டில் அச்சிட்ட இடுப்பளவு உண்மையான அளவு அல்ல. இப்போது அணியும் பெல்ட்டை மேசையில் நீட்டி, பக்கிள் மடிப்பிலிருந்து வழக்கமாக மாட்டும் துளைவரை டேப்பால் அளந்து, அந்த எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். உறை பேன்ட்டுக்குள் நிற்கும் வகையென்றால் உறையையும் உள்ளே வைத்து அளக்க வேண்டும், சுமார் 5 சென்டிமீட்டர் கூடும்.

அறிகுறி: தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது, எரிகிறது

பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் இடுப்பின் முன்பக்கத்தில் தொடைக்குப் போகும் தோல் நரம்பு அழுந்தி, தொடையின் வெளிப்புறம் மரத்துப்போகும். மென்மையான பெல்ட்டை இறுக்கத்தால் ஈடுசெய்ய முயல்பவர்களுக்கு இது வருகிறது. தீர்வு விறைப்பான, அகலமான பெல்ட்டைத் தளர்வாக அணிவது. தளர்த்திய பிறகும் மரத்துப்போவது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: பக்கிளில் வெள்ளைப் பொடி, பச்சைக் களிம்பு, துரு

இதை நம் கரைக்காரர்கள் தனியாகவும் பொறுமையாகவும் படிக்க வேண்டும், ஏனெனில் உள்நாட்டில் பத்து ஆண்டுகள் உழைக்கும் பக்கிள் இங்கே இரண்டு மழைக்காலத்தில் முடிந்துவிடலாம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டதற்கும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியதற்கும் காரணமாக இருந்த அதே உப்புக்காற்றுதான் உங்கள் இடுப்பிலும் படுகிறது. உப்பு தானே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் சமையல் உப்பே கரையத் தொடங்கும். அதோடு வியர்வையின் உப்பும் சேர்கிறது. துடைக்காமல் ஆணியில் மாட்டிய பெல்ட் இரவெல்லாம் உப்புநீரில் ஊறுவதற்குச் சமம்.

நிறத்தைப் பார்த்தே உலோகத்தை அறியலாம். செந்துரு என்றால் இரும்பு. வெள்ளைப் பொடியும் முலாமில் கொப்புளமும் என்றால் துத்தநாக வார்ப்பு. பச்சைக் களிம்பு என்றால் பித்தளை. அதிலுள்ள செம்பு தோலின் எண்ணெயோடு வினைபுரிவதால் வருவது. பச்சைக் களிம்பைத் துணியால் துடைத்தால் போதும், வலிமை குறையாது. வெள்ளைப் பொடி அப்படியல்ல. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் பித்தளை என்று சொல்லித் தந்த பக்கிளை நான் நம்பி அணிந்தேன். மூன்றாவது ஆண்டு, வாடைக்காற்று அடித்த ஒரு காலையில், சுடுதளத்தில் இலக்குத் தாளை மாற்றக் குனிந்தபோது அதன் முள் வேரோடு ஒடிந்தது. துப்பாக்கி அப்போது மேசையில் காலியாகத் திறந்திருந்ததால் உறை மட்டும் தரையில் விழுந்தது. ஒடிந்த இடத்தில் உலோகம் சாம்பல் நிறத்தில், உதிரும் கற்கண்டுபோல இருந்தது. மேலே மஞ்சள் முலாம் மட்டுமே. அன்றிலிருந்து பக்கிளின் பின்புறத்தை ஊசியால் கீறிப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. கீறலுக்குள் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் தெரிந்தால் துத்தநாகம். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஆனால் காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து நல்ல உலோகம் என்று முடிவுகட்டக் கூடாது, ஏனெனில் துத்தநாகத்திலும் அது ஒட்டாது.

துருப்பிடிக்காத எஃகில் 304, 316 என்று இரண்டு தரங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. 316-இல் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் கலந்திருப்பதால் கடல் உப்பை அது நன்றாகத் தாங்கும். படகுச் சாமான் விற்கும் கடைகளில் இந்த வேறுபாடு தெரிந்தவர்கள் இருப்பார்கள். கிடைத்தால் 316, இல்லையேல் கெட்டிப் பித்தளை.

அறிகுறி: தோல் மெத்தென்று ஆகிவிட்டது, பூஞ்சை பூக்கிறது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீட்டுச் சுவரே வியர்க்கும் காலத்தில் தோலில் பூஞ்சை வருவது இயல்பு. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து நனைத்துப் பிழிந்த துணியால் மீண்டும் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் தோல் சுருங்கி வெடிக்கும். மெத்தென்று ஆனதற்குக் காரணம் பெரும்பாலும் அன்பு மிகுதி: மாதந்தோறும் தேங்காய் எண்ணெய் தடவித் தடவித் தோலின் விறைப்பைக் கரைத்துவிடுகிறார்கள். அப்படி ஊறிய பெல்ட் திரும்ப விறைப்பதில்லை. தோலுக்கான மெழுகை ஆண்டுக்கு இரண்டு முறை, மெல்லிய பூச்சாகப் பூசினால் போதும்.

பெல்ட்டைப் பாலித்தீன் பையில் வைக்காமல் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை ஒருபோதும் தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அந்த ஈரம் இரும்பைத் தின்னும்.

நைலானுக்குப் பூஞ்சைத் தொல்லை குறைவு, ஆனால் நைலான் தன் எடையில் நான்கு விழுக்காடு அளவுக்குக் காற்றிலிருந்து ஈரத்தை ஏற்றுக்கொண்டு சற்றுத் தளரும். பாலியெஸ்டர் அரை விழுக்காடுகூட ஏற்பதில்லை. இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் நம் கரைக்குப் பாலியெஸ்டர் பட்டையே மேல். சுடுதளத்திலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, வலை காயப்போடுவதுபோல நிழலில் விரித்துவிடுங்கள்.

அறிகுறி: வெல்க்ரோ பிடிப்பு விட்டுப்போகிறது

கச்சான் வீசும் மாதங்களில் மணல் எங்கும் புகும். கொக்கிப் பக்கத்தில் மணலும் நூல்துகளும் அடைந்தால் பிடிப்பு போகும். பழைய பல்துலக்கியாலோ பேன்சீப்பாலோ வாரி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் பழைய பிடிப்பு திரும்பும். கொக்கிகள் நிமிர்ந்துவிட்டிருந்தால் திரும்பாது.

சரிசெய்யக் கூடாதவை

துளை நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், பக்கிள் மடிப்பில் தோல் குறுக்காக வெடித்திருந்தால், இரண்டு தோல்களும் பிரிந்து நடுவில் விரல் நுழைந்தால், உள்ளேயுள்ள தகடு முறிந்து மடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக மடிந்தால், அந்தப் பெல்ட்டின் பணி முடிந்தது. தையல் மட்டும் விட்டிருந்தால் தடித்த நைலான் நூலில் மறுபடி தைக்கலாம்; பருத்தி நூல் உப்பிலும் ஈரத்திலும் மக்கிவிடும். புதியது வாங்கப் போகும்போது துப்பாக்கியை வீட்டில் பூட்டிவிட்டு, உறையை மட்டும் எடுத்துச் சென்று, அதன் வார்வழியில் பெல்ட்டை நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். கழித்த பெல்ட்டை நான் நடுவில் வெட்டி, பக்கிளைக் கழற்றிய பிறகே குப்பையில் போடுகிறேன். முன்பு ஒரு முறை வெட்டாமல் போட்ட பெல்ட்டை யாரோ எடுத்துத் தைத்திருந்தார்கள். சில மாதங்களுக்குப் பின் அதை ஒரு வங்கிக் காவலரின் இடுப்பில், உறையோடு பார்த்தேன்.